கங்காணி போனார், காண்ட்ராக்டர் வந்தார்

‘அவுட்சோர்சிங்’ என்றதும் பலருக்கு பெங்களூர் கணினிக் கூடங்கள்தாம் நினைவுக்கு வரும். தோட்டத் தமிழர்களுக்கோ அந்த ஏற்பாடு நூறாண்டுப் பழக்கம், பெயர்தான் புதிது.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயர் என்னவோ தென்னை; ஆனால் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது அங்கேதான். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர்.

அக்காலத்துத் துரைமார் ஆள் தேடி அலையவில்லை. அந்த வேலையைக் கங்காணியிடம் விட்டார்கள். அவர் தம் ஊருக்கே போய் உறவையும் சாதியையும் சொல்லி ஆள் சேர்த்தார். சேர்த்த ஆளுக்குக் கமிஷன். அவருடைய ஆட்கள் வேலைக்கு வந்த நாளெல்லாம் தலைக்காசு. தொழிலாளிக்குக் குறை என்றால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். துரை வெகுதூரத்தில் இருந்தார். 1938இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்தபோது அந்த வழி அடைபட்டது.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்த வேலைநிறுத்தம் சிலாங்கூர் தோட்டங்களுக்குப் பரவியது. சீனருக்கு நிகரான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். ராணுவம் வந்தது, உயிர்கள் போயின, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆனாலும் தொழிலாளி துரையை நோக்கியே பேசிவிட்டான். அதுதான் பெரிது. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிமாருடன் நேரடியாகக் கூலி ஒப்பந்தம் பேசியது.

அந்த நேரடி உறவு நெடுநாள் நீடிக்கவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினர். பெர்மிட் கிடைக்காமல் தங்கியவர்களில் பலர் காண்ட்ராக்டரின் கீழ்ப் போனார்கள். மரங்கள் அதே மரங்கள். கூலி குறைவு, சேமநிதி கிடையாது, சங்க ஒப்பந்தமும் அவர்களை எட்டவில்லை. பின்னர் இந்தோனேசியர், வங்காளதேசியர் அந்த இடத்துக்கு வந்தனர். காண்ட்ராக்டருக்குத் தேவை மலிவான ஆள், எந்த நாட்டார் என்பதல்ல.

2005இல் அரசாங்கம் ஆள் வழங்கும் கம்பெனிகளுக்கே உரிமம் தந்தது. தொழிலாளி வேலை செய்தது ஓரிடம், முதலாளி வேறோர் இடம். 2018இல் அந்த முறையைக் கைவிட முடிவானது.

கடன் சுமை மட்டும் தீரவில்லை. 2020 டிசம்பரில் கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி, தென்னமரத்தை வைத்திருந்த சைம் டார்பி நிறுவனத்தின் செம்பனை எண்ணெயை அமெரிக்கா தடுத்தது. வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர்கள் கட்டியிருந்த கட்டணத்தைத் திருப்பித் தர அந்நிறுவனம் ஏறக்குறைய 82 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. 2023இல் தடை நீங்கியது. அந்தக் கட்டணத்தை முதலில் வாங்கியவர்கள் ஊரிலிருந்த முகவர்கள்.