பறக்கும் பறவையைப் பென்சிலால் பிடித்தல்: ஸ்கொட்லாந்தின் பாஸ் பாறை

எடின்பரோவுக்குக் கிழக்கே, நோர்த் பெரிக் என்ற சிறு துறைமுக ஊருக்கு எதிரே, கடலில் இருந்து நூறு மீற்றருக்கும் மேலாக எழுந்து நிற்கிறது பாஸ் பாறை. பழைய எரிமலை ஒன்றின் எஞ்சிய கல் அது. கோடைகாலத்தில் தூரத்தில் இருந்து பார்த்தால் உச்சியில் யாரோ சுண்ணாம்பு பூசியதுபோல் தெரியும். கிட்டப் போனால்தான் அந்த வெள்ளையில் பெரும்பகுதி பறவைகள் என்பது விளங்கும். கனெற் எனப்படும் பெரிய கடற்பறவை. விரித்த இறக்கை ஆறடி அளவு வரும். முப்பது மீற்றர் உயரத்தில் இருந்துகூட இறக்கையை மடித்து அம்புபோலக் கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும். அதன் விஞ்ஞானப் பெயரிலேயே இந்தப் பாறையின் பெயர் இருக்கிறது.

எடின்பரோவில் இருந்து ரயிலில் அரை மணித்தியாலப் பயணம். பின்னர் படகு. லண்டனில் இருந்து எடின்பரோ கோட்டையைப் பார்க்கப் போகும் எம்மவர்கள் இன்னும் ஒரு நாளை ஒதுக்கினால் போதும். ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை நல்ல காலம். போகும்போது ஒரு சித்திரக் கொப்பியும் இரண்டு மென்மையான பென்சிலும் கொண்டுபோங்கள்.

கமரா இருக்க பென்சில் எதற்கு என்று கேட்கலாம். படம் எடுத்த கையோடு நாம் அடுத்த பறவைக்குத் திரும்பிவிடுகிறோம். வரைகிறவருக்கு அப்படி முடியாது. கழுத்து எங்கே வளைகிறது, பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று பார்க்காமல் ஒரு கோடும் போட இயலாது. இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். பார்த்துப் பார்த்து வரைந்த ஒன்று, கொப்பி தொலைந்தாலும் கொஞ்சம் கைக்குள் தங்கிவிடுகிறது.

இந்தக் கடற்கரையில் அதைப் பலருக்கும் பழக்கியவர் ஜோன் பஸ்பி (1928–2015). எடின்பரோ ஓவியக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பறவைகளை வரைவது பற்றி 1986இல் அவர் எழுதிய நூல் இத்துறையில் இன்றும் கைநூலாக இருக்கிறது. பாஸ் பாறையில் 1960களின் தொடக்கத்தில் மூன்று ஆண்டுகள் மனைவியோடு தங்கி கனெற்களை ஆராய்ந்த பிரையன் நெல்சனின் நூலுக்கும் படம் வரைந்தவர் அவரே. இறகு இறகாகத் தீட்டிய படங்களை அவரிடம் காணமுடியாது. சில கோடுகள்தான். ஆனால் பறவை உயிரோடு நிற்கும்.

செய்முறை கடினமானதல்ல. ஒரே பக்கத்தில் ஐந்தாறு படங்களைத் தொடங்குங்கள். பறவை அசைந்ததும் அந்தப் படத்தை அப்படியே விட்டு அடுத்ததற்குப் போங்கள். கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகள் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வரும். சோடி சேர்ந்ததும் கழுத்தை நீட்டி அலகோடு அலகு உரசும். கூட்டை விட்டுப் புறப்படுமுன் அலகை வானத்தை நோக்கித் தூக்கும். அந்த நிலை மறுபடி வரும்போது அரைகுறைப் படத்துக்குத் திரும்பலாம். ஒன்று அசைந்துவிட்டால் பக்கத்தில் நிற்பது அதே நிலையில் இருக்கும்!

முதலில் உடலின் சாய்வை ஒரு கோட்டில் பிடியுங்கள். கண், அலகு, இறகு எல்லாம் பிறகு. அழிறப்பரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிழையான கோட்டுக்கு மேலேயே சரியான கோட்டைப் போடலாம். வெள்ளைப் பறவையின் நிழலை வெறும் சாம்பலாகத் தீட்ட வேண்டாம். கடலின் நீலம் அதன் வயிற்றில் படிந்திருக்கும். படகு ஆடும், காற்று தாளைப் பறிக்கும், ஆகவே கொப்பியை இரண்டு கிளிப்பால் இறுக்குங்கள். தூறல் விழுந்தாலும் பென்சில் கோடு கரையாது, மைப்பேனா அப்படியல்ல.

படகு ஒத்துக்கொள்ளாதவர்கள் இங்கிலாந்தின் யோக்‌ஷயரில் உள்ள பெம்ப்டன் செங்குத்துப் பாறைகளுக்குப் போகலாம். அங்கே தரையில் நின்றே கனெற்களைக் காணலாம். எங்கு போனாலும் தொலைநோக்கி உதவும். யுத்த காலத்தில் எமது கடற்கரைகளில் தொலைநோக்கியோடு நிற்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அந்தக் கூச்சம் எம்மில் சிலருக்கு இன்னமும் போகவில்லை. இந்தப் படகில் எல்லோர் கழுத்திலும் அது தொங்குகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போகுமுன் வீட்டருகே புறாவிலும் காகத்திலும் கை பழகுங்கள். ஊரில் இருப்பவர்களுக்கு வயற்கொக்கைவிட நல்ல மாதிரி கிடையாது. நெடுநேரம் அசையாமல் நிற்கும். மாரியில் மன்னார்க் களப்புக்கு வரும் பூநாரைக் கூட்டத்துக்கும் இதே முறைதான்.

பாஸ் பாறை இப்போது பழைய பாறை அல்ல. 2014ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அங்கே 75,000க்கும் மேற்பட்ட சோடிகள் இருந்தன. உலகிலேயே பெரிய கனெற் குடியிருப்பு. 2022இல் பறவைக் காய்ச்சல் பரவியது. கூடுகளிலும் கரைகளிலும் பறவைகள் செத்துக் கிடந்தன. 2023இல் எண்ணியபோது ஏறத்தாழ 52,000தான். தப்பிய சில பறவைகளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கனெற்றின் கண் வெளிர் நீலம். அவற்றின் கண்களோ கறுத்திருந்தன. ஆய்வாளர்கள் 18 பறவைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். எட்டுப் பறவைகளுக்கு நோய் வந்து மாறியிருந்தது தெரிந்தது. அந்த எட்டில் ஏழின் கண் கறுப்பு.

ஆகவே படம் அரைகுறையாக நின்றாலும், அதன் ஓரத்தில் திகதி, நேரம், காற்றின் திசையோடு இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: கண் நீலமா, கறுப்பா?