தெருக்கூத்தில் வேடக் கலப்பு: செஞ்சி வட்டார மரபு

ஒரே பாத்திரத்திலோ ஒரே கலைஞரிடத்திலோ இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வேட வகைகள் சேர்ந்து நிற்பதை வேடக் கலப்பு எனலாம். விழுப்புரம் மாவட்டம் செஞ்சியைச் சூழ்ந்த ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவையொட்டி ஆடப்படும் பாரதக் கூத்தில் இதற்குச் செறிவான சான்றுகள் உள்ளன. வீரன் தவசியாகிறான், அரசி குறத்தியாகிறாள், கட்டியக்காரன் வாயிற்காவலன் முதல் தூதுவன் வரை எல்லாமும் ஆகிறான். கூத்தில் வேடங்களுக்கு இடையே உள்ள வரம்பு மிகக் கண்டிப்பானது. அந்த வரம்பு தெளிவாக இருப்பதால்தான் அதைக் கடக்கும் இடங்கள் கதையின் உச்சங்களாகின்றன.

வேட வகைகள்

கூத்து வேடங்களில் முதன்மையானவை மூன்று: கட்டை வேடம், பெண் வேடம், கட்டியக்காரன். முனிவர், வேடன், குறவன் முதலிய சிறு வேடங்கள் இவற்றைச் சூழ்ந்து நிற்கும். மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் ஆகியவற்றை அணிவதால் அரசர், வீரர் வேடங்கள் கட்டை வேடம் எனப்படுகின்றன. பாத்திரத்துக்கேற்பத் தலையணியும் அரிதாரமும் மாறும். துரியோதனன் முகத்தில் சிவப்பு மேலோங்கும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாடியபடி வேடக்காரர் ஆடுகளமான களரிக்கு வருவார். திரை விலகி அவர் சலங்கை ஒலிக்கச் சுழன்று கிர்க்கி அடிக்கும்போதே, வந்திருப்பவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பது கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

மரபாக எல்லா வேடங்களையும் ஆண்களே கட்டினர். சிறுவயதில் பெண் வேடம் கட்டியவர் வளர்ந்தபின் கட்டை வேடத்துக்கு மாறுவதும் உண்டு. எனவே ஒரு மூத்த கலைஞரின் உடம்பில் பல வேடங்களின் அடவுகள் ஒருங்கே தங்கியிருக்கும்.

பழைய சான்றுகள்

ஓருடலில் இரு வடிவம் என்னும் எண்ணம் தமிழ் ஆடல் மரபில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று பேடு. சிறைப்பட்ட தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் ஆண்மை திரிந்த கோலத்தில் ஆடியதாக அதன் கதை கூறும். அதே காப்பியத்தின் நடுகற் காதையில், சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் கொட்டிச்சேதம் ஆடுகிறான். உமையை ஒரு பாகத்தில் கொண்ட சிவனின் ஆடல் அது: ஒரு பாதி ஆட, மறுபாதியின் அணிகலன்கள் அசையாமல் இருக்கும். ஒரே கலைஞர் இரு பாத்திரங்களை ஒரே நொடியில் தாங்கும் இந்தக் கலை நுட்பம், பின்வந்த கூத்து மரபை விளங்கிக்கொள்ள நல்ல தொடக்கம்.

பாரதக் கதை மக்களிடையே ஊன்றிய வரலாறும் நீண்டது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு வழங்கப்பட்ட கொடையைக் குறிப்பிடுகிறது. திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்த வில்லிபுத்தூரார் இயற்றிய பாரதமும், 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை விரித்துப் பாடிய பாரதமும் பிரசங்கியாருக்கும் கூத்து வாத்தியாருக்கும் கதைக் கருவூலங்களாயின. இன்றும் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்ற முறை இருக்கிறது.

செஞ்சியும் திரௌபதி வழிபாடும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டை, விசயநகரத்துக்குக் கட்டுப்பட்ட நாயக்கர் காலத்தில் ஓர் அரசின் தலைமையிடமாக வளர்ந்தது. 1649இல் பிஜப்பூர் சுல்தானும் 1677இல் சிவாஜியும் 1698இல் முகலாயரும் அதைக் கைப்பற்றினர். பிரெஞ்சுக்காரர் 1750இல் பிடித்த கோட்டை 1761இல் ஆங்கிலேயரிடம் சென்றது.

கோட்டைக்கு அருகிலுள்ள மேலச்சேரி பழைய செஞ்சி எனப்படும். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலையே ஆதிக் கோயிலாகப் பலர் போற்றுகின்றனர். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் இப்பகுதியில் கள ஆய்வு செய்து, திரௌபதி வழிபாடு குறித்து 1988இலும் 1991இலும் இரு தொகுதிகள் வெளியிட்டார். செஞ்சி நாடே இவ்வழிபாட்டின் மையக்களம் என்பது அவர் முடிவு.

இவ்வழிபாட்டில் காவல் தெய்வங்களும் கலப்புருவங்களே. போத்துராஜா அம்மனின் படைவீரராகவும் பூசைப்பொருள் ஏந்தும் பணியாளராகவும் நிற்கிறார். முத்தால் ராவுத்தர் முஸ்லிம் வீரராகவும் அம்மனின் காவலராகவும் வணங்கப்படுகிறார். பல ஆட்சிகளும் பல சமயத்தவரும் கலந்து வாழ்ந்த மண்ணின் நினைவு இங்கே தெய்வ வடிவம் பெற்றிருக்கிறது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு மாண்ட செஞ்சித் தலைவன் தேஜ் சிங், தேசிங்கு ராஜனாகக் கதைப்பாடலுக்குள் வந்தபோது, அவனோடு உயிர் கொடுக்கும் நண்பனாக ஒரு முஸ்லிம் வீரனையே மக்கள் பாடினர்.

கலப்பு நிகழும் முறைகள்

முதலாவது, கதையே கோரும் மாற்றம். விராட பர்வத்தில் பாண்டவர் ஐவரும் மறைந்து வாழ்கின்றனர். தருமன் கங்கனாகவும், வீமன் மடைப்பள்ளிச் சமையற்காரனாகவும், அர்ச்சுனன் ஆடல் கற்பிக்கும் பிருகன்னளையாகவும் வருகின்றனர். வில்லாளியின் கட்டைகளைக் கண்டு பழகிய பார்வையாளர் அவனைப் பெண்கோலத்தில் காணும்போது, நாடிழந்தவரின் துயரம் சொல்லாமலே விளங்கும். திரௌபதி குறவஞ்சியில் அரசி குறத்தியாகிக் குறி சொல்லப் புறப்படுகிறாள்.

இரண்டாவது, வேடமும் சடங்கும் கலப்பது. அர்ச்சுனன் தபசு இரவில், வீரன் தவக்கோலம் பூண்டு உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுகிறான். உச்சியிலிருந்து அவன் எறியும் எலுமிச்சம்பழத்தையும் திருநீற்றையும் மக்கள் பிரசாதமாக ஏந்துகின்றனர். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் மரத்தடியில் காத்திருப்பர். அந்த நேரத்தில் மரத்தின் மேல் இருப்பவர் நடிகர், வீரன், தவசி, பூசாரி என நால்வரும்தான். துகிலுரிதல் கூத்தில் திரௌபதி வேடக்காரருக்கு அருள் வருவதும், துச்சாதனன் வேடக்காரர் அம்மனை வணங்கி மன்னிப்பு வேண்டிய பின்பே சேலையில் கை வைப்பதும் உண்டு. போரின் முடிவைக் குறிக்கும் படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் மீது பதினெட்டாம் போர் நடக்கும்போது, வேடக்காரர்கள் களரியை விட்டு வெளியேறி ஊரின் சடங்கிலேயே கலந்துவிடுகின்றனர்.

மூன்றாவது, கட்டியக்காரன். முதலில் வந்து கூத்தைத் தொடங்கிவைப்பவர் இவரே. அரசனை யாரென்று கேட்டு அவையோருக்கு அறிவிப்பார். அடுத்த நொடியில் வாயிற்காவலனாவார். தேவைப்பட்டால் தூதுவன், வேலையாள், பார்ப்பனர், வழிப்போக்கர் என எதுவும் ஆவார். இதற்கெல்லாம் அவர் ஒப்பனையை மாற்றுவதில்லை. அரசர்கள் செந்தமிழ் வசனம் பேச, இவர் அன்றாடப் பேச்சில் ஊர்ச் செய்தியையும் விலைவாசியையும் இழுத்து வருவார். மற்ற வேடங்கள் தத்தம் எல்லைக்குள் நிற்க, எல்லாவற்றையும் தைத்துச் சேர்க்கும் நூல் கட்டியக்காரன். கதை முழுவதும் பாடமாகத் தெரிந்தால் மட்டுமே கட்ட முடிந்த வேடம் இது. சிரிப்பூட்டுவது அதன் ஒரு பகுதி மட்டுமே.

பிற மரபுகளிலும் விளையாட்டிலும்

கேரளத்துக் கதகளியில் வகைக்கலப்பு முகத்திலேயே எழுதப்படுகிறது. உயர்ந்தோருக்குப் பச்சை முகம். இராவணன், கீசகன் போன்றோருக்கு அதே பச்சையின் மேல் சிவப்பு வரைந்த கத்தி வேடம். பிறப்பால் மேன்மையும் செயலால் கொடுமையும் ஒரே முகத்தில் தெரியும்.

மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுகள் இதே சிக்கலை விதிகளால் அணுகின. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோரின் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளியானபோது போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூன்று வகைகளே இருந்தன. எல்ஃப் இனப் பாத்திரம் மட்டும் வீரராகவும் மந்திரவாதியாகவும் மாறி மாறிச் செயல்பட முடிந்தது. 1978ஆம் ஆண்டு விதிநூல் மனிதரல்லாத இனத்தாருக்குப் பல வகைகளில் ஒருசேர வளரவும், மனிதருக்கு ஒரு வகையை விட்டு இன்னொன்றைத் தொடரவும் இடம் தந்தது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், ஒவ்வொரு நிலை உயரும்போதும் எந்த வகையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றானது. 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு கலப்பை விருப்ப விதியாக வைத்து, உரிய திறன்களில் 13 புள்ளிகளாவது வேண்டும் என வரையறுத்தது. வரம்பும் தகுதியும் இல்லாத கலப்புக்குச் சுவையில்லை என்பதை அந்த விளையாட்டும் உணர்ந்திருக்கிறது.

இக்காலம்

மேடை நாடகத்தின் தாக்கத்தால் ஆர்மோனியமும், ராஜபார்ட், ஸ்திரீபார்ட் போன்ற வழக்குகளும் ஜமா எனப்படும் கூத்துக் குழுக்களுக்குள் வந்தன. 1977இல் நா. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழு, கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையை நவீன நாடகக்காரர்களிடம் கொண்டுசென்றது. 1990இல் காஞ்சிபுரத்தில் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் குருகுலம் தொடங்கியது. 2020 வரை இயங்கிய அக்குருகுலத்தில் சிறுமியரும் கட்டை வேடம் கட்டி ஆடினர். ஆண்கள் பெண் வேடம் கட்டிய நெடிய மரபுக்கு இது நேர்மறுபக்கம். கூத்தின் வேட எல்லையில் அண்மைக் காலத்தில் நிகழ்ந்த பெரிய மாற்றமும் இதுவே.

2025 சூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டிய இராணுவ நிலக்காட்சிகளின் ஓர் அங்கமாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கல்லால் ஆன மரபுக்குக் கிடைத்த இந்த மதிப்பு, கோட்டையைச் சுற்றி வாழும் ஆடல் மரபுக்கும் கிடைக்க வேண்டும். விடிய விடிய ஆடும் கூத்தை நகர மேடைக்காகச் சுருக்குவோர், சண்டைக் காட்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு, வீரன் தவசியாகும் நிதானத்தையும் கட்டியக்காரனின் நீண்ட உரையாடலையும் நீக்கிவிடக் கூடாது. ஒரு வேடம் இன்னொரு வேடமாக மாறும் அந்த இடங்களில்தான் இக்கலையின் சிந்தனை இருக்கிறது.