மத்ரஹ் முதல் பெட்டி மெத்தை வரை

நிக்காஹ் நாள் குறிக்கப்பட்ட வீடுகளில் இந்நாளில் புதியதொரு வழக்கு எழுகின்றது. கட்டில் முடிவாகிவிடும், பீரோ முடிவாகிவிடும், மெத்தை என்று வந்ததும் வீடு இரண்டாகப் பிரியும். பெரியவர்கள், போடிநாயக்கனூர் இலவம்பஞ்சை வரவழைத்து, கண்ணெதிரே உறையில் அடைத்துத் தைத்த மெத்தைதான் வேண்டும் என்பார்கள். பிள்ளைகளோ, காற்றை உறிஞ்சி, அழுத்திச் சுருட்டி, ஒரு பெட்டிக்குள் அடங்கி வருகின்ற நுரை மெத்தையே காலத்திற்கு ஏற்றது என்பார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும், இவ்வழக்கு விலையையும் மென்மையையும் மட்டும் பற்றியது அன்று என்றே நாம் கருதுகின்றோம். அதன் பின்னே நெடியதொரு வரலாறு இருக்கின்றது. அவ்வரலாற்றில் நம் சமுதாயத்திற்கும் ஒரு பங்கு இருக்கின்றது. தீர்ப்புக் கூறுமுன் அதனை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

கோரையும் தூவியும்

தென்னாப்பிரிக்காவில் சிபுடு என்றொரு குகை உண்டு. ஏறத்தாழ 77,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த மனிதர்கள் கோரையையும் புல்லையும் தரையில் பரப்பி, அதன்மேல் பூச்சிகளை விரட்டும் இலைகளைத் தூவிப் படுத்துறங்கினர் என்பதை ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டனர். மனிதன் விரித்த முதல் விரிப்புகளில் ஒன்று கோரையால் ஆனது என்பது நமக்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த கோரையைத்தான் தாமிரபரணிக் கரையில் அறுத்து, நீரில் ஊறவைத்து, நூல் போலக் கிழித்து, பத்தமடை லெப்பைமார்கள் பட்டுப்பாய் நெய்து வருகின்றனர். மணமகன், மணமகள் பெயர்களை ஓரத்தில் நெய்து தரும் அப்பாய் இன்றும் திருமண வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றது.

பாய் எளியோருக்கு என்றால், அரண்மனைக்குப் பஞ்சணை. பாண்டிமாதேவியின் தந்தக் கால் கட்டிலையும், அதன்மேல் அன்னத்தூவி பரப்பிய அணையையும் நக்கீரரின் நெடுநல்வாடை நமக்குக் காட்டுகின்றது. அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என்று ஐவகைப் பொருளை வைத்துப் பஞ்சசயனம் என்று வகுத்தனர் நம் முன்னோர். இவ்வைந்தில் எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்ந்தவை இலவும் பருத்தியுமே.

அரபு தந்த சொல்

ஆங்கிலேயர் ‘மாட்ரஸ்’ என்கின்றனர். அச்சொல்லின் ஊற்றைத் தேடிப் போனால், பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக இத்தாலிய ‘மத்தராஸோ’வை அடைகின்றோம். அங்கிருந்தும் பின்னே போனால் ‘மத்ரஹ்’ என்ற அரபுச் சொல்லில் வந்து நிற்கின்றோம். ‘தரஹ’ என்றால் எறிந்தான், கீழே போட்டான் என்று பொருள். மத்ரஹ் என்பது ஒன்று எறியப்படும் இடம். அமரவும் உறங்கவும் தரையில் மெத்தைகளை எறிந்து விரிப்பது அரபுலக வழக்கம். அவ்வழக்கமும் சொல்லும் மத்தியதரைக் கடலைக் கடந்து ஐரோப்பாவின் படுக்கையறைக்குள் புகுந்தன. ‘சோபா’ என்பதன் வேரும் ‘ஸுஃப்பா’ என்ற அரபுச் சொல்லே. ‘காட்டன்’ என்பதன் வேரும் ‘குத்ன்’ என்ற அரபுச் சொல்லே.

இந்நாட்டுப் படுக்கையைப் பற்றியும் அரபியில் ஓர் அரிய சான்று உள்ளது. 1334இல் டில்லியை அடைந்த இப்னு பதூதா, இந்தியக் கட்டில்கள் ஒரே ஆள் தூக்கிச் செல்லத்தக்க அளவு இலேசானவை என்றும், பயணம் செல்வோர் தத்தம் படுக்கையை உடன் கொண்டு செல்வர் என்றும் எழுதியுள்ளார். மெத்தைக்கும் போர்வைக்கும் வெண்ணிற மேலுறை இட்டு, அழுக்கேறினால் உறையை மட்டும் வெளுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் அவர் குறித்துவைத்தார். நாம் இன்றும் மெத்தைக்கு உறை போடுகின்றோம். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மொராக்கோ நாட்டார் கண்டு மெச்சிய வழக்கம் அது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அண்ணலாரின் விரிப்பு

படுக்கையைப் பற்றிப் பேசுகையில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் விரிப்பை நினையாமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. அது தோலால் ஆன விரிப்பு. அதனுள் அடைக்கப்பட்டிருந்தது பேரீச்ச மரத்தின் நார் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரண்டாக மடித்து விரிக்கப்பட்டு வந்த முரட்டுத் துணியை, ஓர் இரவு மென்மைக்காக நான்காக மடித்து விரித்தார்கள். காலையில் அண்ணலார் அதனைப் பழையபடியே விரிக்கச் சொன்னார்கள். அதன் மென்மை தம்மை இரவுத் தொழுகையிலிருந்து தடுத்துவிட்டது என்றார்கள். பாத்திமா நாயகி (ரலி) அவர்களின் மணவீட்டுப் பொருள்களாகச் சொல்லப்படுபவை ஒரு போர்வை, ஒரு தோற்பை, இத்கிர் என்னும் புல் அடைத்த ஒரு தலையணை, அவ்வளவே.

இவற்றைக் கூறுவது, எல்லோரும் முரட்டுத் துணியில் படுக்க வேண்டும் என்பதற்காக அன்று. உடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதை மார்க்கம் மறுக்கவில்லை. ஆனால் உறக்கத்திற்காக மனிதன் என்பதில்லை, மனிதனுக்காகவே உறக்கம். இவ்வளவை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

வில்லேந்திய கைகள்

தோலினுள் நார் அடைத்த காலம் போய், பஞ்சு அடைக்கும் காலம் வந்தபோது ஒரு தொழில் பிறந்தது. பஞ்சு உடலின் பாரத்தாலும் வியர்வையின் ஈரத்தாலும் நாளடைவில் இறுகிக் கட்டியாகிவிடும். அக்கட்டியை உடைத்து, இழை இழையாகப் பிரித்து, அழுக்கை உதிர்த்து மீண்டும் உயிர்ப்பிக்க ஒரு கருவி தேவைப்பட்டது. அதுவே பஞ்சு கொட்டும் வில். ஆளுயர வில்லைத் தொங்கவிட்டு, அதன் நாண் பஞ்சுக் குவியலில் படுமாறு பிடித்து, மரக்கட்டையால் நாணை அடிப்பார்கள். நாண் அதிர்ந்தாட, பஞ்சு நுரை போல் மேலெழும். தூசும் விதைத்துகளும் கீழே உதிரும்.

இக்கருவி இந்நாட்டிற்கு முஸ்லிம்களின் வருகையோடு வந்தது என்று வரலாற்றாசிரியர் இர்ஃபான் ஹபீப் கருதினார். அதற்கு முன்பே இங்கு இருந்தது என்பாரும் உளர். வில்லைக் கொணர்ந்தவர் யார் என்பதில் வாதம் இருக்கலாம். வில்லைப் பிடித்த கைகளில் மிகப்பல முஸ்லிம்களின் கைகள் என்பதில் வாதமில்லை. வடநாட்டில் நத்தாஃப், துனியா, மன்சூரி என்றும், கன்னட நாட்டில் பிஞ்சாரி என்றும், ஆந்திரத்தில் தூதேகுலா என்றும் வழங்கப்பெறும் மக்கள் எல்லோருக்கும் இதுவே குலத்தொழிலாக இருந்தது. மன்சூரி என்ற பெயரை அவர்கள் ஞானி மன்சூர் ஹல்லாஜோடு இணைத்துப் பெருமை கொள்வர். ஹிஜ்ரி 309இல், அதாவது 922இல், பக்தாதில் கொல்லப்பட்ட அப்பெரியாரின் ‘ஹல்லாஜ்’ என்ற பட்டத்திற்குப் பொருளே பஞ்சு கடைபவர் என்பதுதான்.

தோளில் வில்லோடு தெருவில் வந்து, நாணைச் சுண்டி ஓசையெழுப்பி, பழைய மெத்தையைப் பிரித்து, முற்றத்தில் பஞ்சு கொட்டி, மாலைக்குள் புதுமெத்தையாக்கித் தந்து செல்பவரை முதியோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாளெல்லாம் அவர் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுத்தூசு நிறைந்திருக்கும். நம் நல்லுறக்கத்திற்கு அவர் நுரையீரல் விலை கொடுத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். பின்னர் பஞ்சு கொட்டும் இயந்திரம் வந்தது. வில் தெருவிலிருந்து மறையத் தொடங்கியது.

பெட்டிக்குள் அடங்கிய மெத்தை

இனி, பிள்ளைகள் கேட்கும் மெத்தையின் வரலாற்றைக் காண்போம். 1929இல் டன்லப் நிறுவனத்தார் ரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தைக்கு ஏற்ற நுரைரப்பரைக் கண்டனர். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்ற வேதியியலார் பாலியூரிதேன் என்னும் பொருளை ஆக்கினார். இரு திரவங்களைக் கலந்ததும் உள்ளே வாயு எழ, ஆப்பமாவு பொங்குவது போல் பொங்கி உறையும் மென்நுரை இதிலிருந்து பிறந்தது. 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவிற்காக, விமான இருக்கைகளுக்கென்று சார்லஸ் யோஸ்ட் என்பவர் உருவாக்கிய மெல்ல நெகிழும் நுரை, பிற்காலத்தில் மெத்தையாயிற்று.

இந்நுரைக்குள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் எண்ணற்ற கண்ணறைகள் உள்ளன. அழுத்தினால் காற்று வெளியேறும். விட்டால் மீண்டும் நிரம்பும். இவ்வியல்பைப் பயன்படுத்தியே மெத்தையை நெகிழிப் பையிலிட்டு, காற்றை அகற்றி, இயந்திரத்தால் நசுக்கிச் சுருட்டிப் பெட்டியில் அடைக்கின்றனர். வண்டியில் ஒரு மெத்தை பிடிக்கும் இடத்தில் பல பெட்டிகள் அடங்கும். குறுகிய மாடிப்படியில் ஓராளே ஏற்றிவிடலாம். 2014இல் நியூயார்க்கில் தொடங்கப்பெற்ற காஸ்பர் போன்ற நிறுவனங்களுக்குப் பின் இவ்வணிகம் உலகெங்கும் பரவியது. நம் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது.

எதைத் தேர்வது?

இலவம்பஞ்சின் இழை உள்ளே வெற்றிடமுள்ள குழல்; மேலே மெழுகுப் பூச்சு உடையது. ஆகவே இலேசானது, எளிதில் நனையாதது; நம் கோடைக்கு இதமானது. உயிர்காப்பு மிதவைகளில் அதை அடைத்த காலமும் உண்டு. ஆயினும் அவ்விழை எளிதில் முறியும். சில ஆண்டுகளில் மெத்தை அமுங்கிப் பள்ளமாகும், பஞ்சு தூளாகும். இளைப்பு நோயாளருக்கு அத்தூசு ஆகாது. அமுங்கிய மெத்தையிலிருந்து எழுவது மூட்டுவலியுள்ள முதியோருக்குத் துன்பம். மேலும், ‘இலவு காத்த கிளி’யாய்ப் பலநாள் காத்திருந்து வாங்கிய மெத்தையில் ஆலைக் கழிவுப் பஞ்சைக் கலந்து ஏமாற்றுவாரும் உண்டு. அடைக்கும்போது உடனிருந்து பார்ப்பதே இதற்கு மருந்து.

நுரை மெத்தை உடலைச் சமமாகத் தாங்கும், தூசு உதிர்க்காது. ஆனால் அதன் சிலவகைகள் உடற்சூட்டைத் தேக்கி வைக்கும். பெட்டியைத் திறந்ததும் எழும் வேதிநாற்றம் போக, காற்றோட்டமான அறையில் ஓரிரு நாள் விரித்துவைக்க வேண்டும். பலமாதம் பெட்டியிலேயே கிடந்தால் நுரை முழுதாக எழாமலும் போகலாம். முதுகுவலிக்குக் கட்டாந்தரை போன்ற கடினமே நல்லது என்ற பழைய எண்ணமும் முற்றிலும் சரியன்று. ஸ்பெயின் நாட்டில் 313 பேரை வைத்துச் செய்து 2003இல் லான்செட் ஏட்டில் வெளிவந்த ஆய்வு, மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ளதே அவர்கள் வலியைக் கூடுதலாகத் தணித்தது என்று காட்டியது.

ஆக, முதுகுவலியும் இளைப்பும் உள்ளவர்களுக்கு நுரை மெத்தையை மறுப்பது முரட்டுத்தனம். மற்றவர்களுக்கோ நாம் ஒரு கேள்வியை முன்வைக்க விரும்புகின்றோம். இம்மெத்தை கெட்டால் என்ன செய்வீர்கள்? இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் காயவைக்கலாம், தையலைப் பிரிக்கலாம், முறிந்த பஞ்சை நீக்கிப் புதுப்பஞ்சு சேர்க்கலாம். ஊரிலேயே ஒருவருக்கு அதில் ஒருநாள் கூலி கிடைக்கும். அமுங்கிய நுரையை எந்த வில்லாலும் கொட்டி எழுப்ப முடியாது. துண்டாக்கி மறுவார்ப்புச் செய்யும் வழி உண்டெனினும், நம் ஊர்களில் அது பெரும்பாலும் குப்பைமேட்டிற்கே போகின்றது. அங்கு எளிதில் மக்குவதுமில்லை. எறிந்து விரிப்பதற்குப் பிறந்த மத்ரஹ் என்ற சொல், எறிந்துவிடுவது என்ற பொருளுக்கு இன்று வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டில் கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒரு விரிப்பு, விருந்தினருக்கு ஒரு விரிப்பு. நான்காவது ஷைத்தானுக்கு என்ற பொருள்பட ஒரு நபிமொழி உண்டு. பெண்வீட்டாரின் மடியில் பாரமேற்றி மெத்தை கேட்போர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பஞ்சோ நுரையோ, தேவை கருதி ஒன்று போதும். அதை மணமகனே தன் கைப்பொருளால் வாங்குவானாயின், அதன்மேல் வரும் உறக்கம் எந்த மெத்தையிலும் ஆழ்ந்ததாக இருக்கும்.