ட்ரோன்களின் நீர், தூசுக் காப்புக் குறியீடு

ஒரு மின்கருவியின் கூட்டுக்குள் தூசும் நீரும் புகாமல் எந்த அளவுக்குத் தடுப்பு உள்ளது என்பதை இரண்டு இலக்கங்களில் தெரிவிக்கும் பன்னாட்டுத் தரக்குறியீடே ஐபி குறியீடு. கைபேசி, தெருவிளக்கு, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றில் நெடுங்காலமாக இருந்துவரும் இக்குறியீடு, கடந்த பத்தாண்டுகளில் ட்ரோன்களின் விவரப்பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1976-இல் முதன்முதலாக வெளியிட்டு, இன்று ஐஇசி 60529 என்ற எண்ணால் அறியப்படும் தரநிலையே இதற்கு அடிப்படை. அதன் இரண்டாம் பதிப்பு 1989-இல் வந்தது. 1999-இலும் 2013-இலும் அது திருத்தப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இதே தரநிலையை ஏற்றுக்கொண்டுள்ளது.

இந்தத் தரநிலை ட்ரோனை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. சுவரில் பொருத்திய மின்பெட்டி, தொழிற்சாலை மோட்டார், விளக்குக் கூடு போன்றவற்றுக்காக வகுக்கப்பட்டது. காற்றில் சாய்ந்தும் திரும்பியும் விரையும் ஒரு பொருளுக்கு அதே எண்ணைச் சூட்டும்போது, அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை வாங்குபவர் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

முதல் இலக்கம்

ஐபி என்ற எழுத்துகளை அடுத்து வரும் முதல் இலக்கம் திடப்பொருளுக்கானது. அது 0 முதல் 6 வரை செல்லும். 1 என்றால் 50 மில்லிமீட்டர், 2 என்றால் 12.5 மில்லிமீட்டர், 3 என்றால் 2.5 மில்லிமீட்டர், 4 என்றால் 1 மில்லிமீட்டர் குறுக்களவும் அதற்கு மேலும் உள்ள பொருள்கள் உள்ளே நுழையா. ஆகவே 4 வரையிலான எண்களுக்கும் தூசுக்கும் தொடர்பில்லை. கடற்கரை மணலில் பெரும்பகுதி 1 மில்லிமீட்டரைவிடச் சிறியது. முதல் இலக்கம் 4 என்று போட்ட ட்ரோன் மணலைத் தடுக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

தூசுச் சோதனை 5-இலிருந்துதான் தொடங்குகிறது. மூடிய அறை ஒன்றில், ஒரு கன மீட்டருக்கு 2 கிலோ வீதம் நுண்ணிய டால்க் தூளைச் சுழலவிட்டு, அதனுள் கருவியை மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். 6-ஆம் எண்ணுக்கு, கூட்டின் உள்ளிருக்கும் காற்றை மெல்ல உறிஞ்சி உட்புற அழுத்தத்தையும் குறைப்பார்கள். 5 பெற்ற கருவிக்குள் சிறிது தூசு புகலாம். ஆனால் இயக்கத்தையோ பாதுகாப்பையோ அது கெடுக்கக் கூடாது. 6 பெற்றதற்குள் தூசு அறவே புகக் கூடாது.

இரண்டாம் இலக்கம்

நீருக்கான இலக்கம் 0 முதல் 9 வரை உள்ளது. 1-க்கு நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் அளவில் செங்குத்தாகச் சொட்டும் நீர், 10 நிமிடம். 2-க்கு நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர், கருவியை 15 பாகை சாய்த்து வைத்து. 3-க்கு, செங்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை வரை சாய்ந்து விழும் தெளிப்பு. 4-க்கு, எல்லாத் திசைகளிலிருந்தும் தெறிக்கும் நீர். 5-க்கு 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சப்படும். 6-க்கு 12.5 மில்லிமீட்டர் வாயிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர். இரண்டுக்கும் குறைந்தது 3 நிமிடம்.

7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கியிருப்பது. 8-க்கு அதைவிடக் கடுமையான மூழ்கல். அதன் ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே அறிவிக்க வேண்டும். ஆகவே அந்த அறிவிப்பில்லாத 8 அரைகுறைச் செய்திதான். 2013 திருத்தத்தில் சேர்ந்த 9, ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வெந்நீரை மிகுந்த அழுத்தத்தில் அடிப்பதைக் குறிக்கும். தெளிப்பான் ட்ரோன்களின் விவரத்தில் காணப்படும் 6கே என்பது, சாலை வாகனங்களுக்கான ஐஎஸ்ஓ 20653 என்ற வேறொரு தரநிலையைச் சேர்ந்தது.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 6 வரையிலான எண்கள் படிப்படியானவை. ஐந்தைத் தாண்டியது நான்கையும் தாண்டியதாகக் கொள்ளலாம். 7-உம் 8-உம் அப்படியல்ல. மூழ்குவதைத் தாங்கும் கூடு, பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று தரநிலை சொல்லவில்லை. இரண்டையும் தாங்கும் கருவிக்கு இரண்டு எண்களும் தனித்தனியே சாய்கோட்டுடன் எழுதப்பட வேண்டும். இலக்கத்தின் இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து நின்றால், அந்த வகைக்கு எண் அறிவிக்கப்படவில்லை என்று பொருள். ஐபிஎக்ஸ்7 என்ற ட்ரோனின் தூசுக் காப்பு பற்றி அதன் எண்ணிலிருந்து எதையும் அறிய முடியாது.

இலக்கங்களுக்குப் பின் துணை எழுத்துகளைச் சேர்க்கவும் தரநிலையில் வழி உண்டு. எம் என்ற எழுத்து, நகரும் பாகங்கள் இயங்கிக்கொண்டிருக்கும்போது நீர்ச் சோதனை நடந்தது என்பதைச் சொல்லும். எஸ் என்பது அவை நின்றிருந்தபோது நடந்தது என்பதைச் சொல்லும். ட்ரோன் வாங்குபவருக்கு மிகவும் தேவையான செய்தி இதுவே. விளம்பரங்களில் இந்த எழுத்துகளைக் காண்பது அரிது.

பறக்கும்போது

ஆய்வகத்தில் நீர் ட்ரோனை நோக்கி வருகிறது. வானத்தில் ட்ரோனும் நீரை நோக்கிச் செல்கிறது. 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஏறத்தாழ நொடிக்கு 6.5 மீட்டர் வேகத்தில் விழும். அதில் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஒரு ட்ரோன் பறந்தால், துளி அதன்மேல் செங்குத்திலிருந்து 66 பாகைக்கும் அதிகமான சாய்வில் மோதும். 3-ஆம் எண்ணின் சோதனை 60 பாகையோடு நின்றுவிடுகிறது. முன்னோக்கிப் பறக்கையில் ட்ரோன் முன்பக்கம் கவிழ்ந்து செல்வதால், உடலைப் பொறுத்தவரை இந்தச் சாய்வு குறையும். ஆனால் பிரேக் போடுவதுபோல் அது பின்னுக்குச் சாயும் கணத்தில், வேகம் இன்னும் அடங்காத நிலையில், அதே மழை ஏறக்குறைய கிடைமட்டமாக வந்து வயிற்றுப் பக்கத்தைத் தாக்கும். கீழ்நோக்கும் சென்சார்களும் கேமராவும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் உள்ளன. மழையின் அளவை மட்டும் பார்த்து, தூறல்தானே என்று ட்ரோனை ஏற்றுவது இதனால்தான் ஆபத்து.

இறக்கைகள் தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி எழும்போது, மணலும் ஈரமும் கீழிருந்து மேலாக வந்து சேரும். ட்ரோனுக்குத் தூசு மிகுதியாகச் சேர்வது உயரத்தில் அன்று, ஏறும்போதும் இறங்கும்போதும்தான். மோட்டாரின் சுழலும் ஓட்டில் வலிமையான காந்தங்கள் இருப்பதால் இரும்புத்தாது கலந்த மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கரையில் கிடைக்கும் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட், காந்தத்தால் பிரித்தெடுக்கப்படும் தாது. அத்தகைய கரைகளில் ட்ரோனை வெறும் மணலில் இறக்காமல், விரிப்பின்மேலோ கையிலோ இறக்குவது நல்லது.

ட்ரோனை முழுதும் மூடுவது ஏன் கடினம் என்பதற்கும் இங்கேயே விடை உள்ளது. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று கடுமையாகச் சூடாகும். அதைக் குளிர்விக்கக் காற்று வேண்டும். உயரத்தை அளக்கும் காற்றழுத்தமானிக்கு வெளிக்காற்றோடு தொடர்பு வேண்டும். கேமராவைத் தாங்கும் கிம்பல் மூன்று அச்சுகளில் தடையின்றித் திரும்ப வேண்டும். ஒவ்வொன்றும் கூட்டில் ஒரு துளை அல்லது இடைவெளி. தரம் பெற்ற ட்ரோன்களில் வெப்பத்தை உலோகத் தகடு வழியே வெளியே கடத்தி, மின்சுற்றுப் பலகையைத் தனி அறையில் அடைத்து, காற்றழுத்தமானியின் துளையில் நீரை விடாமல் காற்றை மட்டும் விடும் சவ்வை வைப்பது போன்ற வழிகள் கையாளப்படுகின்றன. மோட்டாரைப் பெரும்பாலும் திறந்தே விடுகிறார்கள். அதன் கம்பிச் சுருள்களுக்கு மின்காப்புப் பூச்சு உண்டு. நன்னீர் அதை உடனே கெடுக்காது. துரு முதலில் பிடிப்பது பேரிங்குகளைத்தான்.

இந்தச் சீல்களும் கேஸ்கட்டுகளும் எடையைக் கூட்டுகின்றன. 250 கிராமுக்குள் நிற்க ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்க்கும் சிறு ட்ரோனுக்கு அது பெரிய விலை.

சந்தையில் உள்ளவை

பொதுமக்கள் அதிகம் வாங்கும் டிஜேஐ மினி, ஏர், மேவிக் வரிசைகளின் வழக்கமான மாதிரிகளுக்கு ஐபி எண் கிடையாது. எண் இல்லாததைக் காப்பு இல்லாததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தூறலில் பறந்து திரும்பியதாகக் காட்டும் காணொளிகள் எத்தனை இருந்தாலும், அவை அந்த ஒரு ட்ரோன் அந்த ஒரு நாளில் தப்பியதற்கு மட்டுமே சான்று.

குறியீட்டின் வளர்ச்சியை அதே நிறுவனத்தின் தொழில்முறை வரிசையில் தெளிவாகப் பார்க்கலாம். 2017-இல் வந்த மேட்ரிஸ் 200-க்கு ஐபி43. 2020-இல் வந்த மேட்ரிஸ் 300-க்கு ஐபி45. 2022-இன் மேட்ரிஸ் 30-க்கும் 2023-இன் மேட்ரிஸ் 350-க்கும் ஐபி55. நீருக்கான எண் 2020-லேயே ஐந்தைத் தொட்டுவிட்டது. தூசுக்கான எண் அதை எட்ட மேலும் இரண்டு ஆண்டு ஆயிற்று. தீயணைப்பு, மின்கம்பி ஆய்வு, மீட்புப் பணி ஆகியவற்றில் வானிலை பார்த்துக் காத்திருக்க முடியாது என்பதால் இந்த வரிசைக்கு அந்த எடையும் விலையும் பொருந்துகின்றன.

ட்ரோனின் எண் அதில் மாட்டும் கேமராவுக்குப் பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது. அதே நிறுவனத்தின் செம்யூஸ் எச்20 கேமராவுக்கு ஐபி44. நில அளவைக்கான செம்யூஸ் பி1 கேமராவுக்கு ஐபி4எக்ஸ், அதாவது நீருக்கு எண்ணே இல்லை. மழை தாங்கும் ட்ரோனில் அதை மாட்டிவிட்டால் மொத்த அமைப்பும் மழைக்கு உதவாததாகிவிடும். ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

நீரில் இறங்கி எழும் ட்ரோன்கள் தனி இனம். மீன்பிடிப்போரையும் படகோட்டிகளையும் எண்ணிச் செய்யப்படும் ஸ்வெல்ப்ரோவின் ஸ்பிளாஷ்ட்ரோன் 4 ஐபி67 தரம் பெற்றது. முழுக்க அடைத்த உடலோடு நீரில் மிதந்து அங்கிருந்தே மேலெழக் கூடியது. கடல்மேல் பறக்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருப்பவர், படத்தின் தரத்தில் சிறிது விட்டுக்கொடுத்தாவது இத்தகையதை வாங்குவதே சரி.

எண்ணுக்கு வெளியே இருப்பவை

ஐபி நீர்ச் சோதனைகள் நன்னீரில் நடப்பவை. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். உலோக முனைகளை விரைந்து அரிக்கும். உப்புக் காற்றுக்கு ஐஇசி 60068 வரிசையில் வேறு சோதனைகள் உண்டு. அவற்றின் முடிவு ஐபி எண்ணில் தெரியாது. அமெரிக்கப் படைத்துறையின் மில்-எஸ்டிடி-810 தரநிலையில் காற்றோடு வீசும் மழை, மணற்காற்று, உப்புப்பனி ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சோதனைமுறைகள் உள்ளன. பறக்கும் கருவிக்கு அவை இன்னும் நெருக்கமானவை.

வெப்பநிலை வேறுபாடும் பெரிய காரணி. மூழ்கல் சோதனையில் கருவிக்கும் நீருக்கும் இடையே 5 பாகைக்கு மேல் வேறுபாடு இராமல் பார்த்துக்கொள்வார்கள். வெயிலில் அரைமணி நேரம் பறந்து உள்ளே கொதிக்கும் ட்ரோன் ஏரியில் விழுந்தால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீலின் ஓரங்கள் வழியே நீரை உள்ளிழுக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு எடுத்துவரும்போது லென்ஸின் உட்புறம் படியும் ஈரத்துக்கும் எந்த எண்ணும் பொறுப்பேற்காது. துளி படிந்த தடையுணர் சென்சார், கூட்டுக்குள் ஒரு சொட்டு நீரும் புகாமலேயே ட்ரோனை மரத்தில் மோதவிடக் கூடும்.

தரம் பெற்றது புதிய மாதிரி. ஒரு முறை விழுந்ததில் கூட்டில் ஏற்பட்ட மயிரிழை விரிசல், வெயிலில் இறுகிப்போன ரப்பர், கேஸ்கட்டில் சிக்கிய ஒரு மணல் துகள் ஆகிய ஒவ்வொன்றும் எண்ணைச் செல்லாததாக்கும். இந்தக் காப்பு நிலையானதன்று, தேய்மானத்தால் குறையும் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள். ஐபி எண் பெற்ற ட்ரோனுக்கும் நீரால் ஏற்படும் பழுது வழக்கமான உத்தரவாதத்தில் அடங்காமல் போகலாம். வாங்குவதற்கு முன் படிக்க வேண்டிய பக்கம் அது. மின்சுற்றுப் பலகையில் வீட்டிலேயே பூசிக்கொள்ளும் காப்புப் பூச்சுகள் நீர்த்துளியைச் சிறிது நேரம் தாங்கலாம். அவற்றால் ட்ரோனுக்கு ஐபி எண் வந்துவிடாது. வானிலை தாங்கும், மழைக்கு அஞ்சாதது போன்ற விளம்பரச் சொற்களுக்கும் எண்ணோடு உறவில்லை.

நனைந்த பிறகு

காப்புள்ள ட்ரோன் கடல்நீரில் நனைந்தால், எல்லா மூடிகளும் இறுகியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நன்னீரில் அலசித் துடைத்து உலர்த்த வேண்டும். மூடியையும் பேட்டரியையும் ஈரம் காய்ந்த பிறகே திறக்க வேண்டும். காப்பில்லாதது நீரில் விழுந்தால் முதல் வேலை மின்சாரத்தைத் துண்டிப்பது. பேட்டரியைக் கழற்றுங்கள். ஓடுகிறதா என்று பார்க்க ஆன் செய்யாதீர்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பலகையில் படிந்த உப்போ அழுக்கோ போகாது. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்வதே வழி. உப்புநீரில் நனைந்த லித்தியம் பேட்டரி, பல மணி நேரம் கழித்தும் தீப்பற்றக் கூடியது. அதை வீட்டுக்குள் வைக்காமல், எரியும் பொருள்களுக்கு எட்டத்தில் திறந்தவெளியில் வையுங்கள். உலர்ந்து நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் மறுபடி சார்ஜ் செய்ய வேண்டாம்.