பர்னாந்து, பெரைரா, அண்ட்ரிக்: பெயருக்குப் பின்னால் ஒரு பெயர்

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் நம்ம ஆட்களுக்கு ஒரு தயக்கம் வரும். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. எங்க மேலப்பாளையத்துல ஒரே தெருவில் நாலு மைதீன் இருந்தாலும் குழப்பம் வராது, வீட்டுப் பட்டப்பெயர் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

ஆனா இதே தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் பக்கம் போனால் கதை வேறு. பர்னாந்து, பெரைரா, கோஸ்தா, மச்சாடோ என்று ஐரோப்பியக் குடும்பப் பெயர்கள். போர்ச்சுகீசிய மொழியில் பெரைரா என்றால் பேரி மரம், கோஸ்தா என்றால் கரை, மச்சாடோ என்றால் கோடாரி. பர்னாந்து அடிப்படையில் ஒரு ஆளின் பெயர்தான். பெர்னாண்டஸ் என்றால் 'பர்னாந்து மகன்'. அதாவது நம்ம இனிஷியல் செய்கிற வேலையை அங்கே பெயரின் கடைசியில் ஒட்டிய '-எஸ்' செய்தது.

1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் சவேரியார் வந்தார். ஞானஸ்நானத்தோடு புதுப் பெயரும் வந்தது. ஞானத்தந்தையாக நின்றவரின் குடும்பப் பெயரை ஏற்பது அக்கால வழக்கம். ஆக அந்தப் பெயர் காட்டுவது ரத்தத்தை அல்ல, அன்றைக்குப் பக்கத்தில் நின்றது யார் என்பதை.

இதே கதை போர்ச்சுகலில் இன்னும் கொடூரமாக நடந்திருக்கிறது. 1497-ல் அந்நாட்டு யூதர்கள் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்டு, சாதாரண போர்ச்சுகீசியப் பெயர்களுக்குள் மறைந்தார்கள். 'மரத்தின் பெயர் இருந்தால் அவர் யூத வம்சம்' என்று இணையத்தில் சுற்றும் கதையை நம்ப வேண்டாம். அந்தப் பெயர்களைப் பழைய கிறிஸ்தவர்களும் வைத்திருந்தார்கள். மறைவதற்குப் பொதுப்பெயர்தானே வசதி!

பெயர் மாறினாலும் சந்தேகம் போகவில்லை. கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா இந்திய மூலிகைகளைப் பற்றி 1563-ல் நூல் வெளியிட்டவர். 1568-ல் இறந்தார். இறந்த பிறகும் விடவில்லை. ரகசியமாக யூதராக வாழ்ந்தார் என்று சொல்லி, 1580-ல் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தது விசாரணை மன்றம்.

மத்திய ஐரோப்பாவில் வழி வேறு. அங்கே யூதர்கள் பலர் நம்மைப் போலவே அப்பா பெயரோடு வாழ்ந்தவர்கள். 1787-ல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், எல்லா யூதர்களும் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். 1808-ல் நெப்போலியனும், 1812-ல் பிரஷ்யாவும் அப்படியே செய்தார்கள். வரி, ராணுவ ஆள்சேர்ப்பு, பதிவேடு எல்லாவற்றுக்கும் அது தேவைப்பட்டது. அதற்கு முன்பே இருந்த பெயர்களும் உண்டு. கோஹென் என்றால் ஆசாரியர். ரோத்ஷில்ட் என்பது பிராங்க்பர்ட்டில் ஒரு வீட்டின் அடையாளமாக இருந்த 'சிவப்புக் கேடயம்'. நம்ம ஊர் பட்டப்பெயர் மாதிரியேதான்.

இந்த இரண்டு கதைகளும் ஒரு மனிதரில் சந்திக்கின்றன. என்றிக் என்றிக்கஸ், நம்ம அண்ட்ரிக் அடிகளார். 'என்றிக் மகன் என்றிக்' என்று பொருள்படும் அசல் போர்ச்சுகீசியப் பெயர். ஆனால் யூத வம்சாவளி என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. பிறகு இயேசு சபையில் சேர்ந்து 1546-ல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழில் தந்தது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சேறி, இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அதுதான்.

சொந்த நாட்டில் வம்சத்தைத் தோண்டிப் பார்த்து ஒதுக்கப்பட்டவர், நம்ம கரையில் தமிழை அச்சேற்றியவராக நினைக்கப்படுகிறார். ஒருவரின் குடும்பப் பெயரை வைத்து 'நீ வெளிநாட்டுக்காரன்', 'நீ இன்ன ரத்தம்' என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தத் தோண்டும் வேலை ஐரோப்பாவில் எங்கே போய் முடிந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.