நிறம் உரைக்கும் காலம்: நொதிவழிச் சோதனையும் சிங்கப்பூர்ப் பட்டறிவும்

2020ஆம் ஆண்டில், செம்பவாங் உள்ளிட்ட பல வட்டாரங்களின் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகள் அடைபட்டுக் கிடந்தபோது, 'பாசிட்டிவ்' என்னும் சொல் தமிழ்த் தொழிலாளர் பலரின் காதில் நாள்தோறும் விழுந்தது. அச்சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தன. 'கிருமி உடலில் இருக்கிறது' என்பது ஒன்று. 'முன்பு இருந்தது' என்பது மற்றொன்று. கேட்பவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. அதன் வேர், ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றின் வரலாற்றில் உள்ளது. அவ்வரலாற்றையே இவ்வுரையில் காண்போம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உடலின் எதிர்ப்பைக் கிளப்பும் அயற்பொருளைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'எதிர்ப்பொருள் தூண்டி' என்றும், அதை எதிர்க்க உடல் ஆக்கும் புரதத்தை 'எதிர்ப்பொருள்' என்றும் வழங்குகின்றன. இலங்கையில் இவை முறையே 'பிறபொருளெதிரியாக்கி', 'பிறபொருளெதிரி' எனப்படும். இரு மரபிலும் எது முன்னது, எது பின்னது என்பது சொல்லிலேயே விளங்குகிறது. தூண்டி முதலில் வரும். எதிர்ப்பொருள் பின்னரே தோன்றும்.

இவ்விரண்டும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துபவை. எனவே ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் தேடலாம். ஆயினும் அவை கண்ணுக்குப் புலப்படா. ஏறத்தாழ 1960இல் அமெரிக்காவின் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அடையாளம் இட்டு இன்சுலினை அளந்து காட்டினர். அம்முறைக்குத் தனிக் காப்பும் கருவியும் வேண்டியிருந்தன. 1971இல் ஸ்டாக்ஹோமில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும், நெதர்லாந்தில் பௌகே வான் வீமனும் அன்டன் ஸ்கூர்ஸும், கதிரியக்கத்தின் இடத்தில் நொதியை வைத்தனர். ஸ்டாக்ஹோம் குழுவினர் தம் முறைக்கு இட்ட பெயரின் சுருக்கமே 'எலைசா'.

அதன் செயல்முறை எளிது. 96 குழிகள் கொண்ட நெகிழித் தட்டில் தூண்டியைப் படியவைத்து, நோயாளியின் ஊனீரை இடுவர். அதில் உரிய எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவுநீரோடு போய்விடும். பின்னர், நொதி பிணைக்கப்பட்ட இரண்டாம் எதிர்ப்பொருளை இட்டு, மீண்டும் கழுவி, நிறமற்ற வினைபொருளைச் சேர்ப்பர். நொதி எஞ்சியிருக்கும் குழியில் மட்டும் நிறம் எழும். அதன் செறிவைக் கருவி அளக்கும். தூண்டியைத் தேடும்போது, அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தட்டில் படியவைப்பர்.

சிங்கப்பூர் நன்கறிந்த டெங்கிக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். முதல் சில நாள்களில் கிருமியின் என்எஸ்1 என்னும் புரதம் குருதியில் தென்படும், அது தூண்டி. ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பின் ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருள் தலைகாட்டும். ஐஜிஜி என்பதோ நோய் நீங்கிய பின்னும் நெடுங்காலம் நிற்கும். தூண்டி நிகழ்காலத்தைக் கூறுகிறது. நிலைத்து நிற்கும் எதிர்ப்பொருள் இறந்தகாலத்தைக் கூறுகிறது. நோயின் தொடக்க நாள்களில் எதிர்ப்பொருள் காணப்படாததால் நோயே இல்லை என்று முடிவுகட்டுவதும் பிழையாகும்.

இறந்தகாலத்தைப் படிக்கும் இத்திறன் 2020 பிப்ரவரியில் இங்கே பெரிதும் பயன்பட்டது. இரு தேவாலயங்களில் பரவிய கொவிட்-19 தொற்றுக்கு இடையேயான தொடர்பு தெரியாதிருந்தது. ஜனவரியில் நோயுற்றுத் தேறிய தம்பதியர் இருவரின் குருதியில் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர் எதிர்ப்பொருளைக் கண்டனர். சீனப் புத்தாண்டு ஒன்றுகூடல் ஒன்றே இரு குழுமங்களையும் இணைத்தது என்பது அதனால் புலப்பட்டது.

அதே கல்லூரியின் வாங் லின்ஃபா குழுவினர் அவ்வாண்டிலேயே 'சிபாஸ்' என்னும் சோதனையை வெளிக்கொணர்ந்தனர். கிருமி நம் உயிரணுவைப் பற்றும் ஏற்பியைத் தட்டில் வைத்து, கிருமிப் புரதத்துடன் நொதியைப் பிணைத்தனர். எதிர்ப்பொருள் இடைமறித்தால் நிறம் குறையும். இங்கு நிறமின்மையே காப்பின் அறிகுறி. உயிருள்ள கிருமியைக்கொண்டு பல நாள் செய்யவேண்டிய சோதனையை இது ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடித்தது. 2020 நவம்பரில் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பும் இதற்கு அவசரகாலப் பயன்பாட்டு அனுமதி வழங்கியது.

விடுதிகளுக்கு வருவோம். 2020 டிசம்பர் நடுப்பகுதியில் அரசு வெளியிட்ட கணக்கின்படி, விடுதிவாசிகள் சுமார் 323,000 பேருள் 54,505 பேருக்குப் பிசிஆர் சோதனையில் தொற்று உறுதியானது. மேலும் 98,289 பேரின் ஊனீரில் எதிர்ப்பொருள் காணப்பட்டது. முன்னதை மட்டும் எண்ணினால் ஆறில் ஒருவர். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ இருவரில் ஒருவர். எதிர்ப்பொருள் சோதனை இல்லையேல், நோய் கண்டு மீண்ட ஏறத்தாழ ஒரு லட்சம் பேரின் பட்டறிவு பதிவின்றியே போயிருக்கும்.

தொழிலாளி ஒருவரிடம் முடிவைச் சொல்லும்போது 'பாசிட்டிவ்' என்று நிறுத்திக்கொண்டால், தேறியவர் தம்மை நோயாளி என எண்ணி அஞ்சுவார்; ஊரிலுள்ள குடும்பமும் கலங்கும். தமிழிலோ வினைமுற்று காலத்தைக் காட்டிவிடும். 'தொற்று இருக்கிறது', 'தொற்று இருந்தது' என்னும் இரண்டு தொடரும் நம்மிடம் ஆயத்தமாகவே உள்ளன. அறிவியல் மொழிபெயர்ப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கலைச்சொல்லோடு நின்றுவிடாது, எந்தச் சோதனை எந்தக் காலத்தைக் கூறுகிறது என்பதையும் மாணவர்க்கு உணர்த்த வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.