விலையைக் குறைப்பதும் சம்பளத்தைக் குறைப்பதும்: நின்டெண்டோ கற்றுத்தந்த பாடம்

இரவுக் கடமையிலிருக்கும் உதவி ஆசிரியனுக்கு ஒரு செய்தியை நிறுத்துப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே கிடைக்கும். 2011 ஜூலை 28 ஆம் திகதி இரவு, ஜப்பானிலிருந்து வணிகச் செய்தியொன்று என் மேசைக்கு வந்தது. நின்டெண்டோ நிறுவனம், வெளிவந்து ஆறு மாதம்கூட நிறைவடையாத தனது கையடக்க விளையாட்டுக் கருவியின் விலையைப் பெருமளவில் குறைக்கப் போகிறது என்பதே அது. சிறுவர் விளையாட்டுச் சாமான் பற்றிய விடயந்தானே என்று எண்ணி, கீழேயிருந்து பந்தி பந்தியாக வெட்டி, நான்கு வரிச் செய்தியாக்கி உட்பக்கத்தில் போட்டுவிட்டு வீடு சென்றேன்.

அது வெறும் விளையாட்டுச் சாமான் பற்றிய செய்தியன்று என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

நின்டெண்டோ நேற்று முளைத்த நிறுவனமல்ல. 1889 இல் கியோத்தோ நகரில் ஃபுசஜிரோ யமாவுச்சி என்பவர் 'ஹனஃபுடா' எனப்படும் பூச்சித்திரச் சீட்டுகளைத் தயாரிப்பதற்காகத் தொடங்கியது அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், 1989 இல், 'கேம் போய்' என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டு உலகச் சந்தையைப் பிடித்தது. 2004 இல் வெளிவந்த 'டிஎஸ்' என்ற கருவி 154 மில்லியனுக்கும் மேல் விற்பனையானது. அதன் வாரிசாக 2011 பெப்ரவரி 26 ஆம் திகதி ஜப்பானில் வெளியிடப்பட்டதே '3டிஎஸ்'.

கண்ணாடி அணியாமலே முப்பரிமாணக் காட்சியைக் காணலாம் என்பதே அதன் பெருமையாகக் கூறப்பட்டது. திரையிலுள்ள நுண்ணிய தடுப்புக் கோடுகள் இடது கண்ணுக்கு ஒரு படத்தையும் வலது கண்ணுக்கு வேறொரு படத்தையும் பிரித்துக் காட்டும். விலை 25,000 யென். அமெரிக்காவில் 250 டொலர். ஆயினும் ஏப்ரல் முதல் ஜூன் வரையான மூன்று மாதங்களில் உலகம் முழுவதிலும் விற்றவை 7 இலட்சத்துப் 10 ஆயிரம் கருவிகளே. அந்த நிதியாண்டில் 16 மில்லியன் விற்க வேண்டும் என்று கணக்கிட்டிருந்த நிறுவனத்துக்கு இது பேரிடியாயிற்று.

காரணங்கள் பல. ஜப்பானில் வெளியான இரு வாரங்களுக்குள் மார்ச் 11 ஆம் திகதி பூமியதிர்ச்சியும் ஆழிப்பேரலையும் அந்நாட்டைத் தாக்கின. கையடக்கத் தொலைபேசியிலேயே ஒரு டொலருக்கு விளையாட்டை வாங்கக்கூடிய காலமும் பிறந்துவிட்டது. முப்பரிமாணக் காட்சியை ஆறு வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகள் பார்க்கலாகாது என்று நிறுவனமே எச்சரித்திருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி வந்துவிட்டதே தவிர, அதில் விளையாடுவதற்கு மக்கள் விரும்பிய மரியோ விளையாட்டு அப்போது வந்திருக்கவில்லை.

நிறுவனத்தின் தலைவர் சடோரு இவாட்டா, கணனி நிரலாளராகத் தொழிலைத் தொடங்கியவர். கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஹால் என்ற விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தை 1993 இல் தமது 33 ஆவது வயதில் பொறுப்பேற்று மீட்டெடுத்தவர். 2002 இல் நின்டெண்டோவின் தலைவரானார். ஜூலை 28 அன்று அவர் அறிவித்த விலை ஜப்பானில் 15,000 யென், அமெரிக்காவில் 170 டொலர். அந்த விலைக்கு விற்றால் ஒவ்வொரு கருவியிலும் நட்டமே மிஞ்சும் என்பதை அறிந்தே அவர் அதனைச் செய்தார்.

இங்கே ஓர் அறச்சிக்கல் எழுந்தது. புதுக் கருவி வந்த அன்றே முழு விலை கொடுத்து வாங்கியவர்கள்தாம் நிறுவனத்தின் மிக நெருங்கிய அன்பர்கள். காத்திருந்தவனுக்கு மலிவு, நம்பி வந்தவனுக்கு நட்டம் என்றால் அடுத்த முறை யார் நம்பி வருவார்? இவாட்டா அவர்களிடம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். விலை குறையும் முன்னரே வாங்கி, இணையக் கடையில் இணைந்தவர்களுக்குத் 'தூதுவர்' என்று பெயரிட்டு 20 பழைய விளையாட்டுகளை இலவசமாக வழங்கினார். அவற்றுள் பத்து, 'கேம் போய் அட்வான்ஸ்' கருவிக்குரியவை. 3டிஎஸ் கருவியில் அந்தப் பத்தும் பின்னர் வேறு எவருக்கும் விற்கப்படவேயில்லை.

இரண்டாவதாக, தமது சம்பளத்தில் பாதியை இவாட்டா வெட்டிக்கொண்டார். ஏனைய பணிப்பாளர்களின் சம்பளம் 20 முதல் 30 சதவீதம் வரை குறைக்கப்பட்டது.

விலை குறைந்ததும் விற்பனை எழுந்தது உண்மை. ஆனால் அது நிலைத்ததற்குக் காரணம் விலையன்று. நவம்பரில் 'சூப்பர் மரியோ 3டி லேண்ட்' வந்தது. டிசம்பரில் 'மரியோ கார்ட் 7' வந்தது. இரண்டும் பின்னாளில் தலா 10 மில்லியனுக்கும் மேல் விற்றன. ஜப்பானிய இளைஞர்கள் பித்தாகக் கிடந்த 'மொன்ஸ்டர் ஹன்டர்' தொடரும், போட்டி நிறுவனமான சோனியின் கருவியை விட்டு 3டிஎஸ் பக்கம் வந்து சேர்ந்தது. 2012 மார்ச்சில் முடிவடைந்த நிதியாண்டில் 13.5 மில்லியன் கருவிகள் விற்றன. அதே ஆண்டில் நிறுவனம் 43.2 பில்லியன் யென் நட்டமும் கண்டது. யென்னின் மதிப்பு உயர்ந்தமையும் அதற்கொரு காரணம். ஒருங்கிணைந்த கணக்குகளை வெளியிடத் தொடங்கிய பின்னர் அந்நிறுவனம் கண்ட முதலாவது வருடாந்த நட்டம் அதுவே.

இந்தப் பாடத்தை நின்டெண்டோ முன்னரும் ஒருமுறை கற்றிருந்தது. 1996 இல் கேம் போய்க்கு வயது ஏழு. நிறமற்ற சிறு திரையுடைய அக்கருவியின் காலம் முடிந்துவிட்டதென்றே பலரும் எண்ணினர். அவ்வாண்டு பெப்ரவரியில் சடோஷி தஜிரி என்பவரின் குழு ஆறாண்டுகள் உழைத்து உருவாக்கிய 'பொக்கேமொன்' வெளியானது. சிவப்பு, பச்சை என இரு பதிப்புகள். ஒன்றிலுள்ள சில உயிரினங்கள் மற்றொன்றில் இரா. எல்லாவற்றையும் சேர்க்க விரும்பும் பிள்ளை, வேறொரு பிள்ளையின் கருவியுடன் தன் கருவியைக் கம்பியால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்தாக வேண்டும். ஒரு வகுப்பில் ஒருவனிடம் கருவி இருந்தால் அவனுடைய நண்பனுக்கும் அது தேவைப்பட்டது. முடிந்துபோன கருவி என்று கருதப்பட்டது இவ்வாறு மறுபிறவி எடுத்தது.

இதற்கு எதிர்மாறான கதையும் உண்டு. 2011 டிசம்பரில் சோனி வெளியிட்ட 'விற்றா' கருவி, தொழில்நுட்பத்தில் 3டிஎஸ்ஸை விஞ்சியது. அதன் திரையழகை எவரும் மறுக்கவில்லை. எனினும் சோனியே தயாரித்த தனி நினைவக அட்டையைத்தான் அதில் பயன்படுத்த முடியும். 32 ஜிகாபைட் அட்டையின் விலை அமெரிக்காவில் 100 டொலர். 2013 பெப்ரவரியில் ஜப்பானில் 19,980 யென்னாக விலையைக் குறைத்தார்கள். ஆயினும் அதை வாங்கியே தீரவேண்டும் என்று மக்களைத் தூண்டும் விளையாட்டுகள் போதியளவு வரவில்லை. 2019 இல் அதன் உற்பத்தி முற்றாக நிறுத்தப்பட்டது.

இவற்றை வாசிக்கும்போதெல்லாம் நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகையொன்றின் கூட்டம் நினைவுக்கு வருகிறது. விற்பனை சரிந்துகொண்டிருந்தது. விலையைக் குறைப்பதென்று முடிவாயிற்று. அந்த நட்டத்தை ஈடுசெய்ய ஞாயிறு இதழின் பக்கங்கள் குறைக்கப்பட்டன; ஒப்புநோக்காளர் இருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்; பிரதேச நிருபர்களுக்கான கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. முதல் சில வாரங்கள் பிரதிகள் கூடுதலாக விற்றன. மலிவு கண்டு வாங்கியவர்கள் உள்ளே வாசிக்க எதுவுமில்லை என்று கண்டதும் போய்விட்டார்கள். எழுத்துப் பிழைகள் மலிந்ததால் பழைய வாசகர்களும் முகஞ்சுழித்தார்கள். மேல்மாடியிலிருந்த எவருடைய சம்பளமும் குறைக்கப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. கூட்டத்தில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2013 இல் பங்குதாரர் கூட்டத்தில், ஆட்களைக் குறைத்து ஏன் செலவைக் குறைக்கவில்லை என்று இவாட்டாவிடம் கேட்டார்கள். வேலை போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டிருப்பவர்களால் உலகத்தார் மனதைத் தொடும் விளையாட்டுகளை உருவாக்க முடியாது என்ற பொருள்பட அவர் விடையளித்தார். வீட்டுத் தொலைக்காட்சிக்கான 'வீ யூ' கருவி தோல்வியுற்றபோது, 2014 இல் மீண்டும் தமது சம்பளத்தைப் பாதியாக்கினார். 2015 ஜூலை 11 ஆம் திகதி, 55 ஆவது வயதில் அவர் காலமானார். 3டிஎஸ் உற்பத்தி 2020 இல் நிறுத்தப்பட்டபோது ஏறத்தாழ 76 மில்லியன் கருவிகள் விற்பனையாகியிருந்தன.

அந்த இரவு நான் வெட்டியெறிந்த கடைசிப் பந்தியில்தான் தலைவரின் சம்பளக் குறைப்புப் பற்றி எழுதப்பட்டிருந்தது. இடம் போதாது என்று நினைத்தேன்.